வேற சி.டி. போட்டுப் பார்த்தீங்களா?

பெங்களூரு டவுன் ஹாலுக்குப் பக்கத்தில் இருக்கிற எஸ்.பி. ரோட்டுக்கு, டி.வி.டி. டிரைவ் வேலை செய்யவில்லை என்று ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறவர், கடைக்காரர் உடனே ஸ்க்ரூடிரைவரை எடுப்பார் என்று எதிர்பார்ப்பார். விவரம் தெரிந்த மெக்கானிக் அப்படிச் செய்வதில்லை. அவரிடமிருந்து முதலில் ஒரு கேள்விதான் வரும். "வேற சி.டி. போட்டுப் பார்த்தீங்களா?" கன்னடத்தில் வரலாம், உருதுவில் வரலாம், தமிழிலும் வரலாம். வாடிக்கையாளர்களில் பலர் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரே ஒரு தகடு ஓடவில்லை என்றதும் டிரைவ் போய்விட்டது என்று வீட்டிலேயே முடிவு கட்டி வந்திருப்பார்கள்.

அந்தக் கேள்வியை ஊர் முழுக்கக் கேட்க வேண்டிய காலம் இது. தகடு ஓடவில்லை என்பது ஓர் அறிகுறி. டிரைவ் செத்துவிட்டது என்பது தீர்ப்பு. அறிகுறிக்கும் தீர்ப்புக்கும் நடுவே தகட்டின் கீறல், விரல் ரேகை, கேபிள், மின்சாரம், விண்டோஸ், ஒரு ரப்பர் பெல்ட், லென்ஸின் மேல் படிந்த தூசி என்று பல படிகள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை சில நிமிடங்களில் சரியாகக் கூடியவை. அந்தப் படிகளைத் தாண்டிக் குதித்து, டிரைவைக் குப்பையில் போட்டுவிட்டு, அதோடு சேர்த்து அலமாரியில் இருக்கும் தகடுகளையும் கைகழுவுகிறோம். அதுதான் பெரிய இழப்பு.

என்ன இருக்கிறது அந்தத் தகடுகளில்? 2000-க்குப் பிறகு ஏறக்குறைய 15 ஆண்டுகள் நடந்த கல்யாணங்கள் இருக்கின்றன. வீடியோ கேசட் போய், பென் டிரைவ் வருவதற்கு முன்னால், அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜிநகரிலும் ஸ்டுடியோக்காரர்கள் ஆல்பத்தோடு சேர்த்துக் கொடுத்தது பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்த டி.வி.டி.தான். தாத்தா பாட்டியின் குரலும் நடையும் பதிவானது சில குடும்பங்களில் அந்த ஒரே தகட்டில்தான். 2005 ஏப்ரலில் சென்னையில் மத்தியத் தகவல் தொழில்நுட்பத் துறை இலவசத் தமிழ் மென்பொருள்களையும் எழுத்துருக்களையும் வெளியிட்டபோது, மக்கள் கைக்கு அவை வந்து சேர்ந்தது சி.டி.யாகத்தான். அந்த எழுத்துருக்களில் தட்டச்சு செய்து சேமித்த கதைகளும் கணக்குகளும் கடிதங்களும் வேறு தகடுகளில் தூங்குகின்றன.

மருத்துவமனைத் தகடு இதைவிட அவசரமானது. எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் எடுத்தவர் கையில் பெரிய உறையும் அதற்குள் ஒரு குறுந்தகடும் கொடுக்கும் வழக்கம் பெங்களூரில் இன்னும் முழுதாகப் போகவில்லை. வேறு ஊர் மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போவார். அங்கே மேசை மேல் இருக்கும் மெல்லிய மடிக்கணினியில் தகடு போட இடமே இருக்காது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள், உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாத்து வைக்கச் சொல்கின்றன. அதற்குப் பிறகு பழைய ஸ்கேனோடு புதிய ஸ்கேனை ஒப்பிட்டுக் கட்டி வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால், நோயாளியின் பீரோவில் இருக்கும் அந்தத் தகடு மட்டுமே மிச்சம் என்ற நிலை வரலாம். அது திறக்கவில்லை என்பதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

டிரைவ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், எங்கே பழுது என்று தேடுவது எளிது. தகட்டின் அடியில் ஒரு சிறிய லென்ஸ் இருக்கிறது. லேசர் ஒளி அதன் வழியாக மேலே போய், தகட்டின் பளபளப்பான அடுக்கில் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் ஒளி கூடுவதையும் குறைவதையும் வைத்தே தகவல் படிக்கப்படுகிறது. சி.டி.யில் தகவல் ஒரே சுருளாக, உள்ளிருந்து வெளியே ஓடுகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். சுருளைப் பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும், ஏறக்குறைய டவுன் ஹாலிலிருந்து அல்சூர் ஏரிவரை. டி.வி.டி.யில் அந்த இடைவெளி 0.74 மைக்ரோமீட்டராகச் சுருங்கியது, ப்ளூ-ரேயில் 0.32. தகடு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும்போது, மெல்லிய கம்பிகளில் தொங்கும் அந்த லென்ஸ் மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் அசைந்து அந்தக் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் தூசி படிந்தாலும் அதன் கண் மங்கும்.

இவ்வளவு நுட்பமான கருவி நம் வீட்டுத் தூசியில் இத்தனை காலம் ஓடியதற்குக் காரணம் ஒரு கணிதம். 1960-இல் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரு அமெரிக்கர்கள் பிழை திருத்தும் குறிமுறை ஒன்றை வகுத்தார்கள். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து சி.டி.யை உருவாக்கியபோது அதை எடுத்துக்கொண்டன. முதல் சி.டி. பிளேயர் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1982 அக்டோபர் 1-ஆம் தேதி. அந்தக் குறிமுறையின் பலத்தால், சுருள் ஓடும் வாக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்தாலும் டிரைவ் அதைக் கணக்குப் போட்டு மீட்டுவிடும். தகட்டைத் துடைக்கும் முறை இதிலிருந்துதான் வருகிறது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, நேர்கோட்டில் துடைக்க வேண்டும். அப்படித் துடைக்கும்போது கீறல் விழுந்தாலும் அது சுருளைக் குறுக்காக வெட்டும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளிதான் போகும். பாத்திரம் தேய்ப்பது போல வட்டமாகத் தேய்த்தால் கீறல் சுருளோடு சேர்ந்தே ஓடும், எந்தக் கணிதமும் அதைக் காப்பாற்றாது. சட்டை நுனியில் சுழற்றித் துடைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எத்தனையோ நல்ல தகடுகளைக் கெடுத்த பழக்கம் அது.

சி.டி.யின் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பாதுகாக்கிறார்கள். உண்மையில் ஆபத்து மேல்பக்கத்தில். அடியில் 1.2 மில்லிமீட்டர் கெட்டியான பாலிகார்பனேட் இருக்கிறது. தகவலைத் தாங்கும் பளபளப்பு அடுக்கு லேபிளுக்கு நேர் கீழே, மெல்லிய வார்னிஷுக்கு அடியில் கிடக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் 'கல்யாணம் 2' என்று அழுத்தி எழுதினால் அந்த அடுக்கிலேயே உழுதது போலாகும். ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தால் அடுக்கும் சேர்ந்து உரியும். சந்தேகம் வந்தால் தகட்டை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்கலாம். ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் தகவலே இல்லை. டி.வி.டி.யில் தகவல் அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் இந்த ஆபத்து குறைவு.

நோய் எங்கே என்று தகடு நின்றுபோகும் இடமும் சொல்லும். தகடு உள்ளே போனதுமே அடையாளம் தெரியாமல் டிரைவ் திணறினால், நடுத்துளைக்குப் பக்கத்தில் இருக்கும் தொடக்கப் பகுதியைப் பார்க்க வேண்டும். தகடு பற்றிய விவரமே அங்கேதான் இருக்கிறது. தாலி கட்டும்வரை நன்றாக ஓடி, பந்தி காட்சியில் படம் நின்றால் வெளி விளிம்பில் விரல் ரேகை இருக்கும். நாம் தகட்டைப் பிடிப்பது அங்கேதானே. இரட்டை அடுக்கு டி.வி.டி.யில் வந்த சினிமா நடுவில் ஒரே இடத்தில் திக்கினால், லேசர் ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடமாக அது இருக்கலாம். விரிசல் விட்ட தகட்டை மட்டும் எந்த ஆசையிலும் டிரைவுக்குள் போடக் கூடாது. 52 மடங்கு வேக டிரைவ் ஒன்று நிமிடத்துக்கு 10,000 சுற்றுகளை எட்டக்கூடியது. அந்த வேகத்தில் விரிசல் தகடு உள்ளேயே நொறுங்கிச் சிதறும்.

வேறு தகடும் ஓடவில்லையா? அப்போதும் டிரைவைத் தொட வேண்டாம், மின்சாரத்தைப் பாருங்கள் என்பார் எஸ்.பி. ரோட்டுக்காரர். இன்று பெரும்பாலானோர் வைத்திருப்பது யூ.எஸ்.பி.யில் செருகும் வெளி டிரைவ். பழைய யூ.எஸ்.பி. 2 துளை தர வேண்டிய மின்னோட்டத்தின் வரம்பு 500 மில்லி ஆம்பியர், நீல நிற யூ.எஸ்.பி. 3 துளைக்கு 900. தகட்டைச் சுழற்றத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் டிரைவுக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். ஒரே ஹப்பில் மவுஸும் கீபோர்டும் பென் டிரைவும் சேர்ந்து தொங்கினால் அது போதாது. 'டிக், டிக்' என்று சத்தம் வரும், விளக்கு எரிந்து அணையும், கம்ப்யூட்டர் டிரைவைக் காட்டி மறைக்கும். பழுதானது போலத் தெரியும் டிரைவ் பட்டினியாக இருக்கிறது, அவ்வளவுதான். ஹப்பை விட்டு நேரே கம்ப்யூட்டரில், முடிந்தால் பின்பக்கத் துளையில், நீளம் குறைந்த கேபிளால் செருகினால் பல டிரைவ்கள் எழுந்துவிடும். சில டிரைவ்களோடு இரட்டைத் தலைக் கேபிள் வருவதும் இதற்காகத்தான். பலர் அந்த இரண்டாவது தலையை எதற்கென்று தெரியாமல் சுருட்டி வைத்திருப்பார்கள்.

மேசைக் கம்ப்யூட்டரில் உள்ளே இருக்கும் டிரைவுக்கு இரண்டு கேபிள்கள், ஒன்று மின்சாரத்துக்கு, ஒன்று தகவலுக்கு. சாட்டா கேபிளின் பிளாஸ்டிக் முனை எளிதில் தளர்ந்துவிடும். கழற்றி மறுபடி அழுத்திச் செருகுவதும், கேபிளை மாற்றிப் பார்ப்பதும் செலவில்லாத சோதனை.

அடுத்தது, பழுது இரும்பிலா மென்பொருளிலா என்று பிரிக்கும் சோதனை. மொத்த வேலையிலும் மிக முக்கியமான படி இதுதான், மிக அதிகமாகத் தவறவிடப்படுவதும் இதுதான். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், விண்டோஸ் தொடங்கும் முன்பே, பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே டிரைவின் பெயர் தெரிந்து, விண்டோஸில் மட்டும் காணாமல் போனால், டிரைவ் மேல் பழி போடக் கூடாது. பழைய காலத்துத் தகடு எழுதும் மென்பொருள்கள் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோயர்ஃபில்டர்ஸ்' என்ற இரண்டு பதிவுகளைச் சேர்த்து வைக்கும். அந்த மென்பொருளை நீக்கிய பிறகும் பதிவு தங்கிவிட்டால், டிரைவ் இருக்கும் வழியையே அது அடைத்துக்கொள்ளும். டிவைஸ் மேனேஜரில் டிரைவுக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் தெரியும். முதலில் அங்கேயே டிரைவை 'அன்இன்ஸ்டால்' செய்துவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி தொடங்கினால் விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுகொள்ளும். அதிலும் சரியாகாவிட்டால்தான் ரெஜிஸ்ட்ரிக்குள் போக வேண்டும், அதுவும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, தெரிந்தவர் துணையோடு.

இதைவிட எளிய வழியும் உண்டு. ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி, அங்கே தகடு ஓடுகிறதா என்று பார்ப்பது. ஓடினால் டிரைவ் நன்றாக இருக்கிறது, சிக்கல் விண்டோஸில். ஓடாவிட்டால் மட்டுமே மேற்கொண்டு திறந்து பார்க்க வேண்டும். இத்தனை மென்பொருள் நிறுவனங்கள் இருக்கிற ஊர் பெங்களூரு. இங்கே இந்தச் சோதனையைச் செய்யத் தெரிந்தவர் இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பே இருக்காது. ஆனாலும் டிரைவ்கள் அடித்தளத்துக் குப்பைத் தொட்டிக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன.

'டிரைவ் படம் காட்டவில்லை' என்ற புகாரில் டிரைவுக்குச் சம்பந்தமே இல்லாத வகை ஒன்றும் இருக்கிறது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது, டி.வி.டி. படத்தை ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் தன் மீடியா பிளேயரிலிருந்து எடுத்துவிட்டது. தகட்டில் உள்ள கோப்புகள் தெரியும், படம் மட்டும் ஓடாது. வி.எல்.சி. என்ற இலவச பிளேயரைப் போட்டால் அந்த நிமிடமே ஓடும். வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த சினிமா டி.வி.டி. என்றால் மண்டலக் குறியீடும் குறுக்கே நிற்கலாம். இந்தியாவுக்கு 5, அமெரிக்காவுக்கு 1, ஐரோப்பாவுக்கு 2, சிங்கப்பூர் இருக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கு 3. கம்ப்யூட்டர் டிரைவில் இந்த மண்டலத்தை 5 முறைதான் மாற்ற முடியும், அதன்பின் கடைசியாக வைத்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். வீட்டில் எழுதிய கல்யாணத் தகட்டுக்கு இந்தத் தடை கிடையாது. டொரான்டோவில் எழுதியதும் ஜெயநகரில் ஓடும்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவர்.

டிரே வெளியே வரவில்லை என்றால், முகப்பில் இருக்கும் ஊசித் துளைக்குள், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை மெல்ல நுழைத்துத் தள்ளினால் டிரே கையோடு வரும். மேசைக் கம்ப்யூட்டர் டிரைவில் இந்தக் கோளாறுக்கு அனேகமாக ஒரு சின்ன ரப்பர் பெல்ட்டே காரணம். மோட்டாருக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே ஓடும் அது, பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்று இறுகி வழுக்கத் தொடங்கிவிடும். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கும், டிரே அசையாது. பெல்ட்டையும் சக்கரத்தையும் ஆல்கஹாலால் துடைத்தாலே சில சமயம் போதும். இல்லையென்றால் பெல்ட்டை மாற்ற வேண்டும். இந்த ஒரு ரப்பர் வளையத்துக்காக எத்தனை டிரைவ்கள் குப்பைக்குப் போயிருக்கின்றன என்று நினைத்தால் மனம் வலிக்கிறது.

தகடு சுற்றுகிறது, ஆனால் படிக்கவில்லை என்றால் லென்ஸ். மெட்ரோ வேலையும் கட்டுமானமும் கிளப்பும் தூசி பெங்களூரில் எந்த வீட்டையும் விடுவதில்லை. பஞ்சுக் குச்சியின் நுனியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, குழந்தையின் கண்ணைத் துடைப்பது போல லென்ஸைத் தொட்டெடுக்க வேண்டும். அழுத்தினால் கம்பி வளையும், டிரைவ் அதோடு போகும். மடிக்கணினி டிரைவில் டிரேயோடு லென்ஸும் வெளியே வந்துவிடுவதால் இது எளிது. மேசைக் கம்ப்யூட்டர் டிரைவைத் திறக்க வேண்டியிருக்கும். திறந்த டிரைவுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு லென்ஸை உற்றுப் பார்க்கவே கூடாது. சி.டி. படிக்கும் 780 நானோமீட்டர் லேசர் ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எரிவது தெரியாமலே விழித்திரையைச் சுடும். எழுதும் டிரைவின் லேசர் இன்னும் வலுவானது.

ஓர் அறிகுறி மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரியும், வீட்டில் இருப்பவர்களைக் குழப்பும். சி.டி. ஓடுகிறது, டி.வி.டி. ஓடவில்லை. அல்லது நேர்மாறாக. ஒரே டிரைவ் பாதி உயிரோடு இருப்பதெப்படி? சி.டி.க்கு 780 நானோமீட்டர், டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் என்று உள்ளே இரண்டு லேசர்கள். ஒன்று தேய்ந்தாலும் மற்றது வேலை செய்யும். இந்த இடத்தில்தான் சிலர் லேசர் அருகில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி ஒளியைக் கூட்டிக் கொடுப்பார்கள். உடனே ஓடும், வாடிக்கையாளர் மகிழ்ந்து போவார். மிச்சமிருக்கும் ஆயுளை மொத்தமாகச் செலவழிக்கும் வேலை அது. விலைமதிப்பில்லாத ஒரு தகட்டைக் கடைசியாக ஒருமுறை படிக்க வேண்டும், வேறு டிரைவே கிடைக்கவில்லை என்ற நிலையில் தவிர, அந்தத் திருகைத் தொட வேண்டாம். லேசர் தேய்ந்திருந்தால் அதுதான் உண்மையான சாவு. அங்கே தீர்ப்பை ஏற்றுக்கொண்டு வேறு டிரைவ் வாங்குவதே சரி.

வாங்கவும் கிடைக்கிறது, இன்றைக்கு. இப்படியே எத்தனை நாள்? ஆப்பிள் 2008-இல் மேக்புக் ஏரிலிருந்து டிரைவை எடுத்தது, மற்றவர்களும் பின்னால் போனார்கள். எல்.ஜி. 2024 கடைசியில் ப்ளூ-ரே பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது. எழுதக்கூடிய ப்ளூ-ரே தகடு தயாரிப்பைச் சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்தியது. நம் நாட்டில் இந்தக் கதை இன்னும் வேகமாக முடிந்தது. 1983-இல் தொடங்கிய மோசர் பேர், 1999-இல் எழுதும் சி.டி. தயாரிப்புக்கு வந்து, உலகின் மிகப் பெரிய தகடு உற்பத்தியாளர்களில் ஒன்றாக வளர்ந்தது. 2007 வாக்கில் அது சினிமா வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றபோது, திருட்டு சி.டி. வாங்கிக்கொண்டிருந்த தமிழ்க் குடும்பங்கள் கடைக்குப் போய் அசலை வாங்கின. எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் அட்டைப் பெட்டியோடு வீட்டு அலமாரியில் ஏறின. 2018-இல் அந்த நிறுவனத்தைக் கலைக்க தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. விற்ற தகடுகள் நாடெங்கும் கிடக்கின்றன, அவற்றைப் படிக்கும் கருவி மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது.

ஆகவே இப்போது வேலை செய்யும் ஒவ்வொரு பழைய டிரைவும் பொதுச் சொத்துப் போன்றது. அதைப் பிழைக்க வைக்கத் தெரிந்தவர்களும் அப்படியே. எஸ்.பி. ரோட்டின் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசையும் விளக்கும் மட்டும் வைத்திருக்கும் மெக்கானிக்குகள், ஒரு டிரைவின் சத்தத்தைக் கேட்டே மோட்டாரா லென்ஸா என்று சொல்லிவிடுவார்கள். அந்த அறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றது. இப்போது அந்த மேசைகளில் கைப்பேசித் திரை மாற்றும் வேலைதான் அதிகம். டிரைவ் பழுது பார்க்க ஆள் வராவிட்டால் இன்னும் பத்தாண்டில் அதைக் கற்றுக்கொள்ளவும் ஆள் இருக்காது.

அரசு இதில் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அந்த டிசம்பரில் அதற்கென ஓர் இணைய வாயிலையும் தொடங்கியது. ஒரு பொருளைப் பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும் குறியீடு பற்றிய குழு அறிக்கை 2025 மே மாதம் வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் பேச்சு முழுக்க இனி விற்கப்போகும் கைப்பேசிகளைப் பற்றியும் டேப்லெட்டுகளைப் பற்றியும் இருக்கிறது. தயாரிப்பு நின்றுபோன, ஆனால் மக்களின் ஆவணங்கள் இன்னும் சார்ந்திருக்கும் கருவிகளுக்கு உதிரிபாகமும் செய்முறைக் கையேடும் கிடைக்க வழி செய்வதும் அந்த உரிமையில் சேர வேண்டும். உற்பத்தியை நிறுத்தும் நிறுவனம் தன் சர்வீஸ் கையேட்டைப் பொதுவில் வைத்தால், அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.

மருத்துவமனைகளுக்குக் கேட்கும் குரல் இதைவிடக் கூர்மையாக இருக்க வேண்டும். தகடு மட்டும் கொடுத்து அனுப்புவதை நிறுத்த வேண்டும். தகட்டோடு, நோயாளி தானே இறக்கிக்கொள்ளக்கூடிய இணைப்பு ஒன்றும் தர வேண்டும், அது ஒரு வாரத்தில் காலாவதியாகக் கூடாது. தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் 2021 செப்டம்பரிலேயே நாடு முழுவதும் தொடங்கப்பட்டாயிற்று. ஆபா என்ற சுகாதார அடையாள எண்ணும் வந்தாயிற்று. ஸ்கேன் படத்தை அதோடு இணைப்பதில் இனியும் தயக்கம் எதற்கு? அதுவரை, ஒவ்வொரு பெரிய மருத்துவமனையின் வரவேற்பு மேசையிலும் தகடு படிக்கும் டிரைவ் ஒன்று இருக்க வேண்டும். வேறு ஊரிலிருந்து ஓசூர் பஸ்ஸில் வந்து இறங்கும் நோயாளியிடம் 'எங்களிடம் சி.டி. போட வசதி இல்லை, மறுபடி ஸ்கேன் எடுங்கள்' என்று சொல்வது, அவர் பணத்தை மட்டும் கேட்பதாகாது. சி.டி. ஸ்கேன் என்றால் உடம்பில் இன்னொரு முறை கதிர்வீச்சையும் ஏற்றுவதாகும்.

உண்மையிலேயே செத்த டிரைவைக் குப்பை வண்டியில் போடவும் வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்குப் போக வேண்டிய பொருள். பெங்களூரை அடுத்த தாபஸ்பேட்டையில் இருக்கும் ஈ-பரிசரா இந்தத் துறையில் நாட்டின் முன்னோடி. அங்கே போகும் முன்பு, பெல்ட்டும் மோட்டாரும் நன்றாக இருந்தால் எஸ்.பி. ரோட்டு மேசைக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். இன்னொரு டிரைவ் அதில் பிழைக்கும்.

டிரைவ் பிழைத்ததும் முதல் வேலை படம் பார்ப்பதல்ல, நகல் எடுப்பது. பிழைத்த டிரைவ் எப்போது மறுபடி படுக்கும் என்று தெரியாது, வீட்டில் எழுதிய தகடோ சாயத்தில் தகவலைத் தாங்குவது, வெயிலும் வெப்பமும் அதை மெல்ல அழிக்கும். தகடு அடம் பிடித்தால் டி.டி.ரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் படித்து எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பொறுமையாகத் திரும்பத் திரும்பப் போகும். எது கிடைத்தது எது கிடைக்கவில்லை என்று குறித்து வைத்துக்கொள்வதால், ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை வேறு கம்பெனி டிரைவில் போட்டுத் தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது அடிக்கடி நடக்கும். எஸ்.பி. ரோட்டுக் கேள்வியை இங்கே திருப்பிப் போட வேண்டும்: வேற டிரைவ்ல போட்டுப் பார்த்தீங்களா?

எல்லா வீட்டிலும் இரண்டு டிரைவ் இருக்காது. அதற்கு ஒரு பொது இடம் வேண்டும். 1950 முதல் இயங்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூர் ஏரிக் கரையில் இருக்கிறது. பேட்டைக்குப் பேட்டை அரசு நூலகங்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம், வேலையில்லாமல் கிடக்கும் ஒரு பழைய மேசைக் கம்ப்யூட்டர், வேறு வேறு கம்பெனி டிரைவ்கள் இரண்டு, லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ், ஒரு புட்டி ஆல்கஹால், பஞ்சுக் குச்சிகள், அளவு அளவாகச் சில ரப்பர் பெல்ட்டுகள், பக்கத்தில் எஸ்.பி. ரோட்டிலிருந்து ஒரு மெக்கானிக், அவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு பாலிடெக்னிக் மாணவர். கல்யாணத் தகட்டையும் ஸ்கேன் உறையையும் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் வரிசையில் உட்கார ஒரு பெஞ்சு.